அரங்கில் நாம் இல்லை

1948 ஜூலை 31 அன்று, லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில், சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. ஒலிம்பிக் போட்டி. பதினொருவரில் எட்டுப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. எதிரணி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டும் வீணாயின. 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த பந்து வலைக்குள் போயிற்று. விடுதலை பெற்ற நாட்டின் முதல் கோல் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி இன்னொன்று போட்டு 2-1 என்று வென்றது.

அந்த எதிரணி பிரான்ஸ்.

அன்று புதுச்சேரியின் லாஸ்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள், பத்திரப்படி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவர்கள். புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுக் குடியேற்றங்களின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யட்டும் என்று பாரீஸ் அரசு அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆக, அந்த ஆட்டத்தில் நம் ஊர்க்காரர் மனசால் எந்தப் பக்கம் நின்றாலும், சட்டத்தால் இன்னொரு பக்கம் நிற்கவேண்டிய நிலை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு சுவையான தற்செயல் என்று விட்டுவிடலாம். 1960 ஆகஸ்ட் 29, ரோம் ஒலிம்பிக். இத்தாலியின் குரோசெட்டோ நகரில் இந்தியாவும் பிரான்சும் மறுபடி மோதின. பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் பிரான்ஸ் சமன் செய்துகொண்டது. 1-1. அந்த நாளில் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம், இறையாண்மை பிரான்சிடம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிவிட்டது. 1956 மே மாதம் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் அன்று இரண்டு அணியும் நம் அணி.

1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. எந்த நாட்டின் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க நம் ஊர்க்காரர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு அதுதான் பேச்சாக இருந்திருக்கும். புதுச்சேரிக்காரர்கள் முழுமையான இந்தியர்களாகி அனுபவித்த முதல் பெரிய வெற்றி கால்பந்தில் வந்தது. இந்தியா ஆசிய விளையாட்டில் வாங்கிய கடைசிக் கால்பந்துத் தங்கமும் அதுதான்.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் தவிர இந்த நாட்டில் வேறெந்த ஊருக்கும் இந்த அணியோடு இப்படி ஒரு பிணைப்பு வாய்க்கவில்லை. வாய்த்ததை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறோம். அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்த கணக்கைச் சொல்கிறோம். நவம்பர் 1 அன்று கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு நடக்கிறது. இத்தனை ஆண்டில் ஒரு மேடையிலாவது, ஒரு பள்ளி மலரிலாவது ஜகார்த்தாவை இந்தத் தேதிகளோடு சேர்த்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, படித்ததில்லை. எழுதுகிற நாங்களும் எழுதவில்லை. பாடம் நடத்துகிறவர்கள் சொல்லவில்லை. கால்பந்துப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவர்கள் தேடிப் பார்க்கவில்லை.

இந்த ஊர் கால்பந்தை விரும்பாத ஊர் இல்லை. உலகக் கோப்பை வந்தால் லாஸ்பேட்டையின் சந்துகளில் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் கொடிகள் தொங்குகின்றன. பிரான்சின் நீல ஜெர்சி போட்ட பிள்ளைகள் மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம். அதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா குடும்பங்கள், அக்கா பாரீசில், அண்ணன் லியோனில் என்று பிரிந்து கிடக்கிற வீடுகள், பிரெஞ்சுத் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறவர்கள். 1998இல் ஜிதான் இரண்டு கோல் போட்டுப் பிரேசிலை மண்ணைக் கவ்வ வைத்த இரவு இந்த ஊரின் நினைவில் பச்சையாக இருக்கிறது. 2022 டிசம்பரில் பெனால்டியில் பிரான்ஸ் தோற்றபோது இங்கே உண்மையாகவே அழுதவர்கள் உண்டு. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உறவு இருக்கிற இடத்தில் மனசு இருக்கத்தான் செய்யும்.

ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை நடந்தபோது, அதே சந்துகளில் ஒரு கொடி இல்லை. இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று மூன்று ஆட்டமும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. தோற்றதைப் பற்றிக்கூட டீக்கடையில் யாரும் கோபப்படவில்லை. கோபம் வரவும் ஒரு நெருக்கம் வேண்டும் அல்லவா? அந்த நெருக்கத்தை நாம் எப்போதோ விட்டுவிட்டோம்.

விட்டது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தால்தான் குற்றத்தின் அளவு புரியும். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் மேவாலால் போட்ட ஒற்றைக் கோலில் ஈரானை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதைபட்டது. அந்த அடிதான் நம் கால்பந்துச் சங்கத்தை விழிக்க வைத்தது, பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தது இந்தியா. நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதலில் கோல் போட்டதும் நாம்தான். பிறகு 1-4 என்று தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடம். பத்து கோல் வாங்கிய அணி நான்கு வருடத்தில் ஒலிம்பிக்கின் நான்காவது அணி ஆனது. ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றோம். அந்த ஹங்கேரி அந்த முறை வெண்கலம் வாங்கிய அணி.

இந்த ஏற்றத்தின் நடுவில் நின்றவர் இந்திய அணியின் பயிற்சியாளர், ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வித்தை காட்டும் ஆட்டத்தைக் கைவிடச் சொல்லி, ஒரு தொடுதலில் பந்தைக் கைமாற்றும் பழக்கத்தை வீரர்களுக்கு ஊட்டியவர். 1962இல் நுரையீரல் புற்றுநோயோடுதான் ஜகார்த்தா போனார். 1963 ஜூன் மாதம் இறந்துபோனார். 2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அந்தப் பெயரே காதில் விழுந்தது. ஒரு நடிகர் வந்து சொல்லும்வரை நாம் காத்திருந்தோம்.

ஜகார்த்தாவை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கியதை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியதால் உள்ளூர் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தில் அரங்கு நிறைந்த கூட்டம் இந்தியர் காலில் பந்து பட்டாலே கூச்சலிட்டது. முதல் ஆட்டத்தில் இதே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தோம். பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அந்தத் தலையோடு அவரை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். 17ஆம் நிமிடம் பி.கே. பானர்ஜி, 20ஆம் நிமிடம் ஜர்னைல் சிங். கொரியா ஒன்றைத் திருப்பிப் போட்டபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் மிச்சம். அந்த அரங்கில் இந்தியாவுக்குக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள்.

அன்று கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பிறந்தது ஹைதராபாத்தில். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றபோது அந்த அணியின் கோல்கீப்பர். காய்ச்சலால் தொடரின் பெரும்பகுதியில் ஆட முடியாமல் இருந்தவர், இறுதி ஆட்டத்தில் இறங்கி நின்றார். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று கொண்டாடப்பட்டவர். 2008இல் பொகாரோவில் இறந்தார்.

முன்வரிசையில் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இருபது வயதில் மெல்போர்ன், பிறகு ரோம், பிறகு ஜகார்த்தா. ரோமில் ஹங்கேரிக்கு எதிரான கோல் அவருடையது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில்தான் வங்காளத்தில் சொல்வார்கள். உடல்நலம் கெட்டு இருபத்தேழு வயதுக்குள் ஆட்டத்தை விடவேண்டி வந்தது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவில்லை. 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார். வங்காளத்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவரைத் தமிழர் என்று சொல்லிப் பெருமைப்பட்டிருக்க வேண்டிய நம் பக்கம் பெரும்பாலும் ஒரு துண்டுச் செய்தி. அவர் உயிரோடு இருந்த எண்பத்தாறு வருடத்தில் ஒருமுறையாவது அழைத்து ஒரு சால்வை போர்த்தியிருக்கலாம். அரசு செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் ஊரில் ரசிகர் மன்றங்கள் எத்தனை, அரிமா, சுழற்சங்கங்கள் எத்தனை, பள்ளி ஆண்டு விழாக்கள் எத்தனை! சிறப்பு விருந்தினராக யாரையெல்லாமோ அழைத்தோம்.

தஞ்சை மண்ணின் சைமன் சுந்தரராஜ் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். பின்னாளில் பயிற்சியாளராகி, 1973இல் கேரளாவுக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார். கேரளம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தமிழ்நாட்டு ஆண்கள் அணி இன்றுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை, புதுச்சேரியும்தான். கற்றுத் தர ஆள் இருந்தது. கற்றுக்கொள்ள நாம் கூப்பிடவில்லை.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக்கில் ஜப்பானை வென்று வெண்கலம். அத்தோடு சரிவு. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. ஆசியக் கோப்பையில் 1964க்குப் பிறகு ஒரு வெற்றி கிடைக்க 2019 ஜனவரி வரை காத்திருக்கவேண்டி வந்தது. தாய்லாந்தை 4-1 என்று வென்ற அந்த ஒன்றுதான் இன்றுவரை. உலகத் தரவரிசையில் 1996இல் 94ஆம் இடம் வரை ஏறினோம். 2015இல் 173க்கு இறங்கினோம். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடமும் சிங்கப்பூரிடமும் தோற்று வெளியேறினோம். 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1.

இந்தச் சரிவுக்குக் காரணம் கேட்டால் நம் வாயில் தயாராக இரண்டு பதில் இருக்கும். ஒன்று, 1950 உலகக் கோப்பையில் வெறுங்காலோடு ஆட விடாததால்தான் இந்தியா போகவில்லை என்ற கதை. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது உண்மை. செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில் தயாராக இருந்தது. போகாததற்கு நம் சங்கம் அன்று சொன்ன காரணங்களில் பயிற்சிக்கு நேரம் போதாமையும், அணித் தேர்வில் இருந்த கருத்து வேறுபாடும் இருந்தன. உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கைப் பெரிதாக எண்ணிய காலம் அது. வெறுங்கால் கதை நமக்கு ஏன் இனிக்கிறது என்றால், அதில் தப்பு வெளிநாட்டுக்காரன் பக்கம் போய்விடுகிறது. இரண்டு தலைமுறையாக அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது பதில், டெல்லியில் இருக்கிற சங்கம். அதில் நியாயம் நிறைய இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்யும் அளவுக்கு நிர்வாகம் சீர்கெட்டது. 2023 ஆசிய விளையாட்டுக்குக் கிளப்புகள் வீரர்களை விடாமல் இழுத்தடிக்க, முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் அணி சீனாவில் போய் இறங்கியது. 1-5 என்று தோற்றது. அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்தப் பட்டியலை அடுக்கும்போதெல்லாம் நம் பங்கு கணக்கில் இருந்து கழன்றுவிடுகிறது. சங்கம் அணியைத் தேர்வு செய்யும். ஆட்டக்காரனை அது பெற்று வளர்ப்பதில்லை. ரஹீமின் அணி ரயில்வே குடியிருப்புகளிலும் ராணுவ மைதானங்களிலும் ஹைதராபாத், கொல்கத்தா, பெங்களூர்த் தெருக்களிலும் விளைந்தது. அந்த விளைச்சல் நின்றுபோன இடங்களில் நம் இடமும் ஒன்று.

லாஸ்பேட்டையில் இடமில்லை என்று சொல்லவே முடியாது. விமான நிலையம் இருக்கிற பகுதி. ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக்குகள், பள்ளிகள் என்று ஒவ்வொன்றும் பரந்து கிடக்கிறது. புதுச்சேரி நகரில் இவ்வளவு திறந்த வெளி வேறெந்தப் பகுதிக்கும் வாய்ப்பது அரிது. விடிகாலையில் நூற்றுக்கணக்கானோர் அங்கே நடக்கிறார்கள். சாயங்காலம் அதே தரையில் ஐந்தாறு கிரிக்கெட் ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். பந்து உதைக்கிற பையன்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, இரண்டு செங்கல்லை வைத்துக் கோல் என்று சொல்லிக்கொண்டு ஆடுவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. எங்கள் பகுதிப் பள்ளி மைதானம் ஒன்றில் முழங்கால்வரை சேறு. பதினாலு வயசுப் பையன் ஒருவன் கோல் காத்துக்கொண்டிருந்தான். கையுறை அவன் கைக்குப் பெரிது. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தான். இடப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டு எழுந்தபோது அவன் முகம் பாதி சேறு, பாதி சிரிப்பு. அடுத்த ஆட்டம் தொடங்குமுன் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. "டேய், டியூஷனுக்கு ஆறு மணிக்கு இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?" கையுறையைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு ஓடினான். சம்பளம் என்று பெரிதாக எதுவும் வாங்காமல் அங்கே சொல்லிக்கொடுக்கிற கோச் என் பக்கம் திரும்பி, "நல்ல கை சார். ஆனா அடுத்த வருஷம் பத்தாவது. ஜூனோட நிறுத்திடுவாங்க. எல்லாரையும் அப்படித்தான் சார் நிறுத்துறாங்க. நான் பதினாலு வயசு வரைக்கும்தான் கோச்" என்றார்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயம் நம் எல்லோருடைய பயம். பந்து சோறு போடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். அதற்கு மாறாக ஒரு சொல்லை இந்த ஊரில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. விளையாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தவர்கள் உண்டு, கல்லூரியில் இடம் பெற்றவர்கள் உண்டு என்று எந்தப் பள்ளியும் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடுகிறது. அதை எடுத்துக்கொள்கிற கணக்கு வாத்தியாரும், கொடுத்துவிடுகிற பி.டி. வாத்தியாரும், தேர்ச்சி விகிதத்தைப் பேனரில் போடுகிற நிர்வாகமும், அந்தப் பேனரைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கிற நாமும் ஒரே கூட்டுதான். பதினாலு வயதில் ஆட்டத்தை நிறுத்துகிற ஊரிலிருந்து இருபது வயதில் மெல்போர்ன் போகிற பலராம் எப்படி வருவான்?

பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் இன்னொரு தனிக் கணக்குச் சொல்லவேண்டும். ஐ.பி.எல். ஏலத்துக்கு முழுப் பக்கம் கொடுத்தோம். ஐரோப்பியக் கிளப்புகளின் வீரர் மாற்றத்துக்கு அரைப் பக்கம் கொடுத்தோம். உப்பளம் மைதானத்தில் நடக்கும் உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு, அதுவும் யாராவது முடிவைக் கொண்டுவந்து கொடுத்தால், நான்கு வரி. கோல் போட்டவன் பெயரை இனிஷியலோடு சரியாகப் போட்டோமா என்றுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு பதினேழு வயசுப் பையனுக்கு அந்த நான்கு வரி எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியாததில்லை. வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். அதைத் தெரிந்தே கஞ்சத்தனம் செய்தோம்.

2018 ஜூனில் மும்பையில் சீனத் தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல். அரங்கில் மூவாயிரம் பேர்கூட இல்லை. மறுநாள் அவர் ஒரு காணொளி போட்டார். ஐரோப்பியக் கிளப்புகளைப் பார்க்கிறவர்களை நோக்கி, நாங்கள் அந்தத் தரத்தில் இல்லைதான், ஆனாலும் அரங்குக்கு வாருங்கள், வந்து எங்களைத் திட்டுங்கள், கத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு நாட்டின் கேப்டன் தன் மக்களிடம் இப்படிக் கெஞ்சவேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுருங்குகிறது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றது. அதற்குப் பிறகு? பெங்களூரு லாஸ்பேட்டையிலிருந்து ஓர் இரவுப் பேருந்துத் தூரம். அங்கே இந்திய அணி எத்தனையோ முறை ஆடியிருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வேன் பிடிக்கிற நாம் அதற்கு ஒரு வேன் பிடித்ததில்லை.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லும்போது கூச்சம் இன்னும் அதிகமாகிறது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம். 1983இலும் இரண்டாம் இடம். தெற்காசியப் பட்டத்தை 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து முறையும் அவர்களே வென்றார்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றார்கள். 2023இல் மறுபடி வென்றார்கள். மதுரையின் சேது கிளப் 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்த வரலாற்றின் நாற்றங்கால் எங்கே இருக்கிறது? நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கடலூரில். அங்கே பயிற்சியாளர் மாரியப்பன் ஆண்டுக்கணக்காகப் பெண்பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் பழக்கியிருக்கிறார். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அந்த நாட்டு அணியையே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அந்த இடத்துக்குப் போனது இதுவே முதல் முறை.

கடலூருக்கு நாம் போகாமல் இல்லை. வில்வராயநத்தத்தில் சொந்தம், மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டு வேலை, சில்வர் பீச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த மைதானத்துப் பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பியதில்லை. லாஸ்பேட்டையில் ஒரு பெண்பிள்ளை பந்து உதைக்க ஆசைப்பட்டால் யாரிடம் அனுப்பவேண்டும் என்று நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? வயதுக்கு வந்த பிள்ளை அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று கேட்ட பாட்டிகளை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு, அவர்கள் கேட்டபோது வாயைத் திறக்காமல் இருந்த அப்பாக்களும் சித்தப்பாக்களும் நல்லவர்களாகத் திரிகிறோம்.

எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தில், அந்தச் சேற்றுப் பையன் கோல் காத்த இடத்தில், நிரந்தரமாக இரண்டு கம்பமும் ஒரு வலையும் கிடையாது. போட்டி நாளில் மூங்கில் நட்டுப் பிடுங்கிவிடுகிறார்கள். இரும்புக் குழாயில் அடித்து நடுவதற்கு ஆகும் தொகை, நம் தெருவில் ஒரு திருவிழா இரவுக்கு லைட்டு செட்டுக்கு வசூல் செய்வதைவிடக் குறைவு. மாலை நாலரை முதல் ஐந்தரை வரை பெண்பிள்ளைகளுக்கு, ஐந்தரை முதல் ஆறரை வரை பையன்களுக்கு என்று நேரம் ஒதுக்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியருக்கு ஒரு மனுவும் எழுதலாம். அவர் மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் இல்லை. பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசத் தயார் என்று அந்தக் கோச் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனுவை இத்தனை நாளும் நம்மில் ஒருவர்கூட எழுதவில்லை.